வாசல் வாரியமும் முனியம்மாவின் கூழ்ப்பானையும்

மேசை மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் எதிரே, காற்று முழுவதையும் தன் சட்டைக்குள் வாங்கிக்கொண்டு, என் மகன் செல்வம் தேநீர்க் குவளையோடு நின்றான்.

"எல்லாத்தையும் ஓசியில குடுத்துக் குடுத்தே இந்த ஜனங்கள சோம்பேறி ஆக்கிட்டானுங்கமா. கண்டிப்பான ஆளு ஒருத்தன் வந்தாத்தான் நாடு உருப்படும்."

நான் விசிறியைப் பார்த்தேன். அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. பாவம், அதுவும் அரசாங்கம் ஓசியில் கொடுத்ததுதான். முன்னால் இருந்த முத்திரையை என் மருமகள் ரேவதி வெந்நீர் ஊற்றித் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மயிலிறகுப் படம் ஒட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் யாராவது கேட்டால், "காஞ்சிபுரத்துல வாங்கினது" என்பாள்.

"ஆமான்டா நைனா, ஓசியில வாங்கனா ஒடம்புல ஒட்டாது" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லு. எனுக்கும் அந்தக் காத்து வரட்டும்."

அவனுக்குப் புரியவில்லை. படித்த பிள்ளை.

போன வாரம் என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டியோடு ஏரிச் சேற்றில் சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னேன். இந்த வாரம் நேற்று நடந்த மாதிரி இருக்கிற கதை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்துவிடுகிறாள். ஆனால் அவரவர் வாயால் பேசினதை அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

நாற்று நட்ட இடத்தில் நகர்

நாங்கள் இப்போது இருப்பது உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக்குக் கீழே, ஒரு நகர். ஏதோ கார்டன் என்று வளைவில் எழுதியிருக்கிறதாம். கார்டனில் இரண்டு தென்னையும் ஒரு வேம்பும் உண்டு. வேம்பை வெட்டச் சொல்லி மனு போயிருக்கிறது. இலை உதிர்கிறதாம்.

இந்த இடம் முழுக்க அந்தக் காலத்தில் நஞ்சை. யாரோ ஒரு பெரிய மனிதருடையது. நானும் என் தங்கச்சி முனியம்மாவும் இதில்தான் குனிந்து நாற்று நட்டோம். இப்போது என் படுக்கையறை இருக்கிற இடத்தில் ஒரு தடவை என் காலில் நண்டு கடித்தது. கட்டிலில் கால் நீட்டும்போதெல்லாம் அந்த நண்டை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். "கடிச்சல்ல? இப்ப பாரு, உன் தலைமேல மெத்த போட்டுப் படுத்துக்கினு கீறேன்!"

நகரைச் சுற்றி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. நான் பிள்ளை பெற்ற இடம், முனியம்மா இன்னும் இருக்கிற இடம். மதில் கட்டும்போது செங்கல் லாரி வர ஓர் இடைவெளி விட்டார்கள். கட்டி முடித்தும் அதை மூட மறந்துவிட்டார்கள். அதுதான் சந்து.

சந்தை ஒட்டினாற்போலத்தான் முனியம்மாவின் வீடு. அவளுக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டு வாசல் வரைக்கும் கம்பு ஊன்றி வருவாள், அதற்கு மேல் முடியாது. நான்தான் தினமும் சாப்பாடு ஆனதும் சந்து வழியாகப் போவேன். வெற்றிலை போடுவோம், ஊரைத் திட்டுவோம். சந்து இல்லையென்றால் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். லாரியும் கம்பெனி பஸ்ஸும் பறக்கிற ரோட்டில் என் முழங்காலை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் முனியம்மாவுக்கு வெற்றிலை பாக்கு செரித்துவிடும்.

அந்தச் சந்துக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டுவது என்று நகர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

கட்சி இல்லாதவர்கள்

நகர்க்காரர்கள் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அவர்களைக் கேட்டால், "நாங்க அரசியலே பேசறதில்லீங்க" என்பார்கள். சொல்லிவிட்டு விளக்கு வைக்கிற வரைக்கும் அரசியல் பேசுவார்கள்.

அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் வரதராஜன் சார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் ரோஜாப்பூவும் தீபமும் போட்டு எல்லோர் கைபேசிக்கும் வணக்கம் அனுப்புவார். அதோடு நாடு எப்படிக் கெட்டுப்போனது என்று ஒரு செய்தி. படித்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

"அப்போ எனுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்கள சொல்லலைங்கமா. பொதுவா சொல்றேன்."

இந்தப் 'பொதுவா' பெரிய மனிதர்கள் வைத்திருக்கிற குடை. யார் மேல் வேண்டுமானாலும் எச்சில் துப்பலாம், தன் மேல் சாரல் அடிக்காது.

அவர் 'தகுதி' என்பார், என் மகன் தலையாட்டுவான். 'சலுகை கொடுத்தே கெடுத்துட்டாங்க' என்பார், என் மகன் இன்னும் பலமாக ஆட்டுவான். அரசாங்க விடுதியில் தங்கி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையைச் சாப்பிட்டு, ஓசி பஸ் பாஸில் போய்ப் படித்து, ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனவன். "நான் சொந்த உழைப்புல மேல வந்தேன் சார்" என்பான்.

உழைத்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த முட்டையை அவனேதான் மென்றான்.

மருமகள் ரேவதியும் சளைத்தவள் இல்லை. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும் கூட்டம் தாங்கவில்லை, கண்டவர்கள் எல்லாம் ஏறுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வாள். எங்கே குறைபடுவாள்? அந்தப் பஸ்ஸில், டிக்கெட் இல்லாமல், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு.

செல்வம் ஏன் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். காலனியிலிருந்து நகருக்கு வந்தவர்கள் நாங்கள் ஒரு குடும்பம்தான். சந்தில் ஆடு நுழைந்தால் நகர்க்காரர்கள் ஆட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால் அந்த ஆட்டை விரட்டுவான். அந்த ஆடு முனியம்மாவுடையது.

ஆயிரம் வருஷத்து அறிவு

கேட்டுக்கு யார் பொறுப்பு, சாவி யாரிடம் என்று சண்டை வந்தது. உடனே வரதராஜன் சார் எழுந்தார்.

"எதுக்கு சண்டை? நம்ம ஊர் கோயில் கல்வெட்டுல எழுதி வெச்சிருக்கு. ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுக்கணும். குடவோலை! ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம்னு வெச்சிருந்தாங்க. நாம வாசல் வாரியம்னு ஒண்ணு வெப்போம். துட்டு வாங்கிட்டு ஓட்டுப் போடற வேலையே இங்க கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. நகரில் ஒருவர் வீட்டிலும் மண்பானை இல்லை. எவர்சில்வர் உண்டு, பிளாஸ்டிக் உண்டு. ரேவதி பிரஷர் குக்கரைக் காட்டினாள். "பாரம்பரியம்மா!" என்று வரதராஜன் சார் அதட்டினார்.

பனையோலையும் இல்லை. ஓலை இருந்தால் அல்லவா குடவோலை.

"முனியம்மா வூட்ல ரெண்டும் கீது. நான் போய் எடுத்தாறேன்" என்றேன்.

எந்த வழியாகப் போனேன்? சந்து வழியாகத்தான்.

முனியம்மா கூழ் குடித்துவிட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாக்கா, என் கூவு பானைய எடுத்துக்கினு போயி, என் மூஞ்சிக்கு நேரா கதவ சாத்தற ஆளத் தேடப் போறீங்களா?"

"ஆமாமே."

"நல்லாக் கீது உங்க நாயம். எங்க வூட்டு பானைல தண்ணி மோந்து குடிப்பாங்களா அவங்க?"

"குடிக்க மாட்டாங்க. கைய வுட்டு ஓலை எடுப்பாங்க."

முனியம்மா கம்பால் பானையைக் காட்டினாள். "களுவிட்டு குடுக்காத. அப்படியே எடுத்துக்கினு போ" என்றாள். "நாட்ட ஆளற கையில கொஞ்சம் கூவு வாசன அடிக்கட்டும்."

தகுதி

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். பானைக்கு விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். வரதராஜன் சார் கல்வெட்டு விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஓலையில பேர் எழுத தகுதி என்னன்னா, வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும்."

கூட்டத்தில் சிலர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். நகரில் இருப்பவர்கள் நிலத்தை எல்லாம் ஒட்டவைத்தாலும் அவ்வளவு தேறுமா என்று எனக்குச் சந்தேகம். வரதராஜன் சார் தொண்டையைச் செருமினார்.

"இந்தக் காலத்துக்கு ஒரு பிளாட்டுன்னு வெச்சுக்கலாம்."

கூட்டம் மூச்சுவிட்டது.

"சொந்த மனையில வீடு கட்டி குடியிருக்கணும்."

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கார்த்திக் கை தூக்கினான். "சார், என் வீடு இன்னும் பேங்கோடதுதான் சார். லோன் ஓடிட்டு இருக்கு."

"மனசால உங்க வீடுதானே? வெச்சுக்கலாம்."

"வேதம் தெரிஞ்சிருக்கணும்."

இப்போது அவரே முழித்தார். "டிகிரின்னு வெச்சுக்கலாம்."

அப்போது ரேவதி எழுந்தாள். "சார், எங்க பிளாட்டு என் பேர்லதான் பத்திரம் ஆயிருக்கு. நானும் டிகிரி. என் பேர எழுதலாமா?"

"அந்தக் காலத்துல லேடீஸ் கிடையாதும்மா. கல்வெட்ட நாம மாத்தக் கூடாதில்ல? செல்வம் பேர எழுதிக்கலாம்."

ரேவதி உட்கார்ந்தாள். வாடகைக்கு இருக்கிற நர்ஸம்மா ஸ்டெல்லா, வாயைத் திறப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். ஆண்பிள்ளைகளைத் தடுத்த விதியெல்லாம் களி மாதிரி வளைந்து கொடுத்தது. மற்றவர்களைத் தடுத்த விதி மட்டும் கல்லாகவே நின்றது. அதனால்தான் அதைக் கல்வெட்டு என்கிறார்கள்போல.

"ஓலைய எடுக்கறது எழுத்து தெரியாத சின்னக் கொழந்தையா இருக்கணும். அப்பதான் கள்ளம் இருக்காது."

நகர்க் குழந்தைகள் எல்லாம் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். கார்த்திக்தான் சொன்னான்: "செல்வம் அண்ணனோட அம்மா இருக்காங்களே! அவங்களுக்கு எழுத்து தெரியாதே!"

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! இத்தனை வருஷம் ரேஷன் கடையில், பேங்க்கில், ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை நீட்டி நீட்டித் தலை குனிந்தவள். எழுத்து தெரியாததற்காக மேடைக்குக் கூப்பிட்ட முதல் கூட்டம் அதுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். பானைக்குள் கையை விட்டேன். முனியம்மா வீட்டுக் கேழ்வரகு வாசனை குப்பென்று வந்தது. ஓர் ஓலையை எடுத்து நீட்டினேன்.

வரதராஜன் சார் பிரித்துப் படித்தார். "வாசல் வாரியத் தலைவர், செல்வம்!"

என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். என் தங்கச்சி பானையிலிருந்து.

வந்த வழி

அடுத்த வாரமே இரும்புக் கேட் வந்து இறங்கியது. வெல்டிங்காரர் வந்துவிட்டார். வரதராஜன் சார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். செல்வம் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சந்துக்கு அந்தப் பக்கம் முனியம்மா கம்பை ஊன்றி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வம் கைப்பிள்ளையாக இருந்தபோது நான் நடவுக்குப் போய்விடுவேன். முனியம்மாதான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூழ் ஊட்டுவாள். இப்போது போயிருக்கிற அதே இடுப்பு.

"கேட்டு போடுடா நைனா, நல்லா போடு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "பூட்றதுக்கு முன்ன ஒரு தபா வந்து சின்னம்மா கையால கூவு குடிச்சிட்டு போ. அட, பானதான் இல்லியே! அத நீங்க எடுத்துக்கினு பூட்டீங்களே!"

செல்வம் நிமிரவில்லை. சாவிக்கொத்து கையில் கிலுகிலுவென்றது. பூட்டு இன்னும் போடவே இல்லை, அதற்குள் அவன் ஒவ்வொரு சாவியாகத் தள்ளித் தேடிக்கொண்டிருந்தான்.

பானை! எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரி மேல் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தது.

"சாரு, ஒரு நிமிசம்" என்றேன். "நல்ல காரியத்துக்கு இரவல் வாங்கின பானை. அத வெறும் பானையா திருப்பித் தரக் கூடாது. நல்ல நாள் பாத்து, நெறக்க நெல்லு போட்டுத் தரணும். வந்த வழியாத்தான் போவணும். வழிய அடச்சிட்டு வேற வழியா இட்டுக்கினு போனா, குடும்பத்துக்கு ஆவாது. எங்க பூட்டன் காலத்து வயக்கம்."

வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்பது நிஜமான வழக்கம். வந்த வழி என்பதை அந்த நிமிடத்தில் நான் சேர்த்தேன். வேதத்தை டிகிரி ஆக்கலாம் என்றால் நான் ஒரு வழியைச் சேர்க்கக் கூடாதா?

வரதராஜன் சாரின் கண் விரிந்தது. "பாத்தீங்களா செல்வம்? எவ்வளவு அர்த்தம் இருக்கு! இதெல்லாம்தான் நாம தொலைச்சிட்டோம். சரிங்கமா, இன்னிக்கே குடுத்துடலாமா?"

"இன்னிக்கு அஷ்டமி சாரு."

கைபேசியில் பார்த்தார். அஷ்டமிதான். வெல்டிங்காரரை அனுப்பிவிட்டார்.

அடுத்து ஒரு நாள் குறித்தார்கள், அது கரிநாள். அதற்கடுத்தது தேய்பிறை. இதற்கு நடுவில் பானைக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. ரேவதி பயந்துபோய் மஞ்சள் பூசினாள். ஒருநாள் காலை வரதராஜன் சாரின் மனைவி சுசீலா அம்மா ஒரு முழம் மல்லியோடு வந்தார். பானைக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"ஆயா, அவசரப்பட்டு குடுத்துடாதீங்க. எங்க வீட்டு வேல செய்யற லட்சுமி அந்தச் சந்து வழியாத்தான் வர்றா. கேட்டப் போட்டா சுத்தி வரணும், வேலைய விட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டா. இவர்கிட்ட சொன்னா கேக்க மாட்டார். பாதுகாப்புங்கறார்."

"பாத்திரம் யாரு தேய்க்கறது, அவரா?"

"அய்யய்யோ!" என்றார்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பால்காரர் அந்த வழி. கீரைக்காரி அந்த வழி. என் மகன் ஏறுகிற கம்பெனி பஸ் நிற்பதே காலனி முனையில்தான். கேட் வேண்டும் என்று கை தூக்கியவர்கள் எல்லோரும் தினமும் அதில் புகுந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று முதலில் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நாள் பார்த்தவன்

கடைசியில் வரதராஜன் சாருக்குப் பொறுமை போய்விட்டது. மறுபடியும் கூட்டம். மறுபடியும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாற்காலி.

"செல்வம், வாசல் வாரியத் தலைவர் நீங்க. உங்க அம்மா சொல்றது இருக்கட்டும். நீங்களே பஞ்சாங்கம் பாத்து ஒரு நாள சொல்லுங்க. அன்னிக்கு பானையக் குடுக்கறோம், சாயங்காலமே பூட்டறோம்."

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஆடு நுழைந்தால் பார்ப்பார்களே, அதே பார்வை. இத்தனை நாள் என் வாயால் இழுத்தாயிற்று. இனி அவன் வாயில்தான் இருக்கிறது. என் பிள்ளை நல்லவன். ஆனால் நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிசு.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது மீசையில் ஏதோ ஒட்டியிருந்தது. டீ குடித்தேன் என்றான். டீயில் கேழ்வரகும் மோர் மிளகாயும் போடுகிற கடை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பானை போனாலும் முனியம்மாவிடம் ஒரு குண்டான் உண்டு.

செல்வம் எழுந்தான். பஞ்சாங்கத்தைப் புரட்டினான். மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக.

"இந்த மாசம் முழுக்க இல்ல சார்" என்றான். "அடுத்தது ஆடி. ஆடியில இரவல் பொருள் கைமாறக் கூடாது."

"அப்படி ஒரு சம்பிரதாயம் இருக்கா?"

"எங்க பக்கம் இருக்கு சார்."

எங்க பக்கம். நகருக்கு வந்த நாளிலிருந்து அவன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கூட்டம் கொஞ்சம் அசைந்தது. அவன் காது மடல் சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

"ஆடிக்கு அப்புறம் ஆவணி. அதுல மொகூர்த்தம் எல்லாம் கல்யாணத்துக்குத்தான் பொருந்துது. பொரட்டாசி பெருமாள் மாசம், மண்பாண்டத்த வெளிய அனுப்ப மாட்டாங்க. மார்கழி பீடை. தை மாசம்..." கொஞ்சம் யோசித்தான். "தை மாசம் பொங்கலுக்கு பானை வேணும் சார். நம்ம நகர் பொங்கலுக்கு. பொங்கல் வெச்ச பானைய அந்த வருஷம் முழுக்க வெளிய குடுக்கக் கூடாது."

"ஐப்பசி, கார்த்திகை?" என்றார் வரதராஜன் சார், விரலை மடக்கிக்கொண்டே.

"மழ சார்" என்று சுசீலா அம்மா பின்னாலிருந்து சொன்னார். கட்டின புருஷனை 'சார்' என்று அவர் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். "மழையில பானை நனையக் கூடாது."

"ஆமா, நனையக் கூடாது" என்றாள் ரேவதி. "நனையவே கூடாது" என்றான் கார்த்திக். நர்ஸம்மா ஸ்டெல்லாவும் சேர்ந்து தலையாட்டினாள். அவள் பைபிளில் பானைக்கு நாள் சொல்லியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

"அப்போ வேற வழியில்ல" என்றார் வரதராஜன் சார். "பாரம்பரியம்னா பாரம்பரியம்தான்."

இரும்புக் கேட் இன்றும் மதிலில் சாய்ந்துதான் நிற்கிறது. முனியம்மா இந்தப் பக்கமாக ஓர் அவரை விதையைத் தூக்கிப் போட்டாள். அது கேட்டில் ஏறிக் காய்க்கிறது. வாசல் வாரியத்தின் சாவி ரேவதியின் தையல் மெஷின் டப்பாவில். செல்வம் இன்னமும் விசிறிக்கு முன்னால் நின்று நாட்டைத் திருத்துகிறான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா?

நேற்றும் சாப்பிட்டதும் போனேன். முனியம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்:

"யக்கா, என் பானை எப்ப வரும்?"

"நாள் பாத்துக்கினு கீறாங்கமே. இன்னா, உனுக்குப் பானை வேணுமா, நான் வேணுமா?"

"பானதான் வேணும்" என்றாள். "அது என் வெத்தலைய திங்காது."

சொல்லிவிட்டு, மடித்த வெற்றிலையை என் கையில் வைத்தாள்.